வாய்க்கு யார் பொறுப்பு? வயிற்று அறுவைக்குப் பின் வந்த நிமோனியா: ஒரு நிகழ்வு ஆய்வு

அறுவைக்கு முந்தைய நாள் மாலை அவருடைய வாயை டார்ச் அடித்துப் பார்த்தது நான்தான். நான் மயக்க மருத்துவர். "வாயை நல்லாத் திறங்க, நாக்கை நீட்டுங்க" என்று தினமும் பத்துப் பேரிடமாவது சொல்கிற வேலை. உள்நாக்கு தெரிகிறதா, தாடை எவ்வளவு திறக்கிறது, கழுத்து பின்னால் வளைகிறதா, குழாய் போடும்போது உடையக்கூடிய பல் ஏதாவது உண்டா என்று அன்றும் பார்த்தேன். சீட்டில் எழுதியது இவ்வளவுதான்: "மல்லம்பட்டி 2. கீழ் முன்பல் ஒன்று ஆடுகிறது. மேலே கழற்றி மாட்டும் பல் செட்." மல்லம்பட்டி என்பது வாயைத் திறந்தால் உள்நாக்கும் தொண்டையும் எவ்வளவு தெரிகிறது என்பதற்கு நாங்கள் போடும் எண்.

பல்லின் மேல் அப்பியிருந்த மஞ்சள் படலத்தை எழுதவில்லை. அது என் கண்ணில் படாமலும் இல்லை. குழாய் உள்ளே போகுமா என்பதுதான் என் கேள்வி. அந்தப் படலம் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. அதனால் டார்ச்சை அணைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

அந்த எழுதாத வரியைப் பற்றியதுதான் இந்த ஆய்வு. யாரென்று தெரியக் கூடாது என்பதற்காக, ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்த சிலருடைய கதைகளை ஒருவருடையதாகச் சேர்த்து, விவரங்களையும் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கிறேன்.

நோயாளி

67 வயதுப் பெரியவர். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய். மேல் வயிற்றில் நடுவே கீறி, இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை. நாற்பது வருடமாகப் புகைபிடித்தவர், நோய் தெரிந்த அன்றைக்கு நிறுத்தினார். அதாவது அறுவைக்கு 16 நாள் முன்பு. சர்க்கரை உண்டு, மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.2. ஹீமோகுளோபின் 9.8. ஆக்சிஜன் வைக்காமல் விரலில் பார்த்த அளவு 95 சதவீதம்.

அறுவைக்குப் பின் நுரையீரல் சிக்கல் வருமா என்று கணிக்க அரிஸ்காட் என்றொரு மதிப்பெண் முறை இருக்கிறது. வயது, ஆக்சிஜன் அளவு, போன ஒரு மாதத்தில் சளிக் காய்ச்சல் வந்ததா, ரத்தசோகை, கீறும் இடம், அறுவை எவ்வளவு நேரம், அவசர அறுவையா என ஏழு கேள்விகள். 45 வந்தாலே அதிக ஆபத்து. இவருக்கு 60 வந்தது. நல்ல கணக்குதான், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த ஏழு கேள்விகளில் வாய் கிடையாது.

நோய் தெரிந்ததற்கும் அறுவைக்கும் இடையே இருந்த அந்த 16 நாளில் அவர் சும்மா இருக்கவில்லை. ஸ்கேன், இதய எக்கோ, நுரையீரல் ஊதும் பரிசோதனை, சர்க்கரை மருத்துவர், உணவு ஆலோசகர், மூச்சுப் பயிற்சி என்று எல்லா இடத்துக்கும் அனுப்பினோம். பல் மருத்துவரிடம் மட்டும் அனுப்பவில்லை. ஆடுகிற பல்லை எடுத்து, பற்காரையைச் சுரண்டி, ஈறு ஆறுவதற்குக்கூட அந்த 16 நாள் போதும்.

திங்கள் முதல் வியாழன் வரை

திங்கட்கிழமை அறுவை. 4 மணி 10 நிமிடம். ரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை. மேசையிலேயே கண் விழித்தார், தொண்டைக் குழாயை அங்கேயே எடுத்தோம். மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் டியூப், முதுகில் வலி மருந்துக்கான எபிடியூரல், வயிற்றில் கசிவை வெளியே எடுக்கும் டிரெயின் குழாய் ஒன்று. முதல் நாள் நன்றாக இருந்தார். இரண்டாம் நாள் இரவு புரண்டு படுத்ததில் எபிடியூரல் ஒயர் நழுவிவிட்டது. மறுபடி போடாமல் மார்ஃபின் ஊசிக்கு மாற்றினார்கள். அதிலிருந்து தூக்கக் கலக்கம். இருமச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொண்டையைக் கனைப்பதோடு சரி. கட்டிலை விட்டு இறங்கியது ஒரே ஒரு தடவை.

வியாழன் மாலை, அறுவைக்குப் பின் மூன்றாம் நாள், காய்ச்சல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். மூச்சு நிமிடத்துக்கு 28. ஆக்சிஜன் 89 சதவீதம். வெள்ளணுக்கள் 17,200.

இரைப்பை அறுவைக்குப் பின் இந்த நேரத்தில் இப்படி ஆனால் அறுவை மருத்துவர் மனதில் முதலில் வருவது ஒன்றுதான்: தையல் கசிகிறதா? பயப்பட வேண்டிய விஷயம்தான். கசிவு இருக்கும்போது நிமோனியா என்று மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் உயிர் போய்விடும். அதனால் மார்பையும் வயிற்றையும் சேர்த்துச் சாய மருந்தோடு சிடி எடுத்தோம். தையல் பத்திரமாக இருந்தது. நுரையீரல் ரத்தக் குழாயில் உறைந்த ரத்தக் கட்டியும் இல்லை. வலது நுரையீரலின் கீழ்மடல் மட்டும் வெள்ளையாக அடைத்திருந்தது. வலது மூச்சுக்கிளை இடதைவிட அகலம், சாய்வும் குறைவு. மேலிருந்து ஏதாவது இறங்கினால் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேரும்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி, மூக்கு வழியாக அதிவேக ஆக்சிஜன் வைத்தோம். பிப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்கினோம். சளியில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தது, அந்த மருந்துக்குக் கட்டுப்படும் வகை. வென்டிலேட்டர் தேவைப்படவில்லை, அது மயிரிழையில் தப்பியதுதான். ஏழு நாள் மருந்து. நான்கு நாள் தீவிர சிகிச்சை. ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போக வேண்டியவர் பதினேழாம் நாள் போனார்.

வெள்ளிக்கிழமை காலை 9 மணி

மறுநாள் காலை அவரைப் பார்க்கப் போனபோது, ஒருவேளை குழாய் போட வேண்டி வந்தால் என்ற எண்ணத்தில் மறுபடி டார்ச்சை எடுத்தேன். வாயைத் திறக்கச் சொன்னேன். உதடு ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் பிரிந்தது. நாக்கு வெடித்த களிமண் மாதிரி இருந்தது, நடுவில் பழுப்பாக ஒரு பொருக்கு. மேல் அண்ணத்திலிருந்து நாக்குக்கு, பசை மாதிரி, எச்சில் நூல் ஒன்று இழுபட்டது. கீழ்ப் பற்களில் ஈறு எங்கே முடிகிறது, பல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாதபடி வெண்மஞ்சளாக ஒரு விளிம்பு. மேலே பல் செட் இருந்தது. அறுவைக்கு முன் கழற்றி அவர் மனைவியிடம் கொடுத்ததுதான். செவ்வாய்க்கிழமை பேச்சு சரியாக வரவில்லை என்று வாங்கி மாட்டிக்கொண்டவர் அதன் பிறகு கழற்றவே இல்லை. சிஸ்டர் அதைக் கழற்றியபோது அண்ணத்தில் செட்டின் வடிவத்திலேயே சிவப்பாக ஒரு தடம். வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சைப் புள்ளிகள் வேறு.

"ஐயா, கடைசியா எப்போ பல் தேய்ச்சீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "ஞாயித்துக்கிழமை காலையில."

"திங்கக்கிழமை காலையில தேய்க்கலையா?"

"ஒண்ணும் வாயில வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க."

ஞாயிறு காலை 6 மணியிலிருந்து வெள்ளி காலை 9 மணி வரை 123 மணி நேரம். அந்த 123 மணி நேரத்துக்கும் சிறுநீர் எத்தனை மி.லி., டிரெயினில் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். அவ்வளவு கவனமான வார்டு. பல் தேய்த்தாரா என்று எழுத அந்தத் தாளில் கட்டமே இல்லை.

மூத்த சிஸ்டரிடம் கேட்டேன். குற்றம் சாட்டுகிற குரலில் கேட்டுவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர் கட்டிலுக்கு மேலே கையைக் காட்டினார். "சார், ‘வாய் வழியாக எதுவும் கூடாது’ன்னு பலகை தொங்குது. அதப் பார்த்துட்டு யாரு பிரஷ்ஷக் கையில எடுப்பா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பலகையை மாட்டச் சொன்னதே எங்கள் துறைதான். வயிற்றுக்குள் எதுவும் போகக் கூடாது என்று சொல்ல நினைத்தோம். வாயைத் தொடக் கூடாது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், நோயாளி, மனைவி, சிஸ்டர், பயிற்சி மருத்துவர் எல்லாருமே. அதைவிட மோசம், திங்கட்கிழமை காலை அவர் பல் தேய்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தெளிந்த நீரை மயக்கத்துக்கு 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கவே அனுமதிக்கிறோம். வாய் கொப்பளிக்கும்போது தவறி உள்ளே போகும் நான்கு சொட்டு ஒரு பொருட்டே இல்லை.

வாயிலிருந்து நுரையீரலுக்கு

வாய்க்குள் கிருமி இருப்பது எல்லாருக்கும் தெரியும். பல்லின் மேல் படியும் படலத்தில் ஒரு கிராமுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி பாக்டீரியா என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. சாதாரண நாளில் அவற்றில் பெரும்பாலானவை சாதுவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை. எச்சில் ஓடிக்கொண்டே இருக்கும், நாமும் விழுங்கிக்கொண்டே இருப்போம். வயிற்று அமிலம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஆஸ்பத்திரியில் படுத்தவுடன் இந்த ஏற்பாடு குலைகிறது. நோய் கடுமையாகும்போது தொண்டையில் கிளெப்சியெல்லா மாதிரியான ‘கிராம் நெகடிவ்’ வகைக் கிருமிகள் குடியேறுவதை ஜோஹன்சன் குழுவினர் 1969-லேயே எழுதிவிட்டார்கள். வாயின் உட்புறத்தில் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதப் பூச்சு ஒன்று உண்டு, அது இருக்கும்வரை கிளெப்சியெல்லா மாதிரியான கிருமிகளால் எளிதில் ஒட்ட முடியாது. உடம்பு நலிந்தால் அந்தப் பூச்சு கரைகிறது. தீவிர சிகிச்சையில் இருப்பவர்களின் பற்படலமே நுரையீரல் கிருமிகளின் கிடங்காக மாறுவதை 1992-இல் ஸ்கேனபீகோ குழுவினர் காட்டினார்கள்.

சரி, கிருமி வாயில் இருக்கட்டும், நுரையீரலுக்கு எப்படிப் போகிறது? இதில் ஆச்சரியம் என்னவென்றால் அது எல்லாருக்கும் தினமும் போகிறது. 1978-இல் ஹக்ஸ்லி குழுவினர் தூங்குகிறவர்களின் மூக்கில் கதிரியக்கத் திரவத்தைச் சொட்டவிட்டு, காலையில் நுரையீரலைப் படம் பிடித்தார்கள். ஆரோக்கியமானவர்களில் 45 சதவீதம் பேரின் நுரையீரலில் அது இருந்தது. நினைவு மங்கியவர்களில் 70 சதவீதம். ஆக, எச்சில் இறங்குவது நோய் இல்லை. இறங்கும் எச்சிலில் என்ன இருக்கிறது, இறங்கியதை இருமி வெளியே தள்ள முடிகிறதா, இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன.

அறுவை இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் கெடுக்கிறது. மேல் வயிற்றில் கீறினால் உதரவிதானம் சில நாளைக்குச் சரியாக வேலை செய்யாது. வலியால் இருமல் வராது, வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினாலும் வராது. மூக்கு டியூப் தொண்டை வழியாகவே போவதால் விழுங்குவது சிரமம். ஆக்சிஜன் காற்று வாயை உலர்த்துகிறது. நாங்கள் கொடுக்கும் கிளைக்கோபைரோலேட், அட்ரோபின் மாதிரி மருந்துகள் எச்சிலையே வற்ற வைக்கின்றன. எச்சில்தான் வாயைக் கழுவும் தண்ணீர், அதை நாங்களே நிறுத்துகிறோம். இதற்கெல்லாம் முன்பே தொண்டைக் குழாய் ஒன்றை அந்தப் படலத்தின் மேல் உரசி, மூச்சுக்குழாய்க்குள் நேராகக் கொண்டுபோயிருக்கிறோம். குழாயின் பலூனுக்கு மேலே எச்சில் குளம் கட்டி நிற்கும், ஓரமாகக் கொஞ்சம் கசியும்.

பல் தேய்த்திருந்தால் தப்பியிருப்பாரா?

இதை அறுவை மருத்துவர் நேரடியாகவே கேட்டார். "புகை, சர்க்கரை, ரத்தசோகை, எபிடியூரல் நழுவியது, எழுந்து நடக்காதது, இவ்வளவும் இருக்கும்போது பல் படலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே?"

நியாயமான கேள்வி. பல்லிலிருந்து மாதிரி எடுத்து, சளியில் வளர்ந்த அதே கிளெப்சியெல்லாதானா என்று நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. அதனால் இவருக்கு வந்தது வாயிலிருந்துதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவர் சொன்ன பட்டியலில் எபிடியூரலையும் எழுந்து நடப்பதையும் தவிர மற்ற எதையும் 16 நாளில் முழுதாகச் சரிசெய்திருக்க முடியாது. புகையை நான்கு வாரம் முன்பாவது விட்டிருந்தால்தான் நுரையீரலுக்குப் பெரிய பலன். வாய் ஒன்றைத்தான் நாளைக்கு இரண்டு முறை, ஐந்து நிமிடத்தில், ஒரு பிரஷ்ஷை வைத்து மாற்றியிருக்கலாம்.

எவ்வளவு பலன் என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2010-இல் ஜப்பானில் அகுட்சு குழுவினர் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அறுவைக்கு முன் நோயாளிகளை நாளைக்கு ஐந்து முறை பல் தேய்க்க வைத்தார்கள். நிமோனியா 32 சதவீதத்திலிருந்து 9 ஆக இறங்கியது. பிரமாதமான எண்தான். ஆனால் சின்ன ஆய்வு, குலுக்கிப் போட்டுப் பிரித்த ஆய்வும் இல்லை. அதே ஜப்பானில், அறுவைக்கு முந்தைய வாய்ப் பராமரிப்புக்கு 2012-இலிருந்து மருத்துவக் காப்பீடு பணம் கொடுக்கிறது. அந்தத் தரவில் பெரிய புற்றுநோய் அறுவை செய்துகொண்ட 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை 2018-இல் பார்த்தார்கள். பல் மருத்துவரிடம் போனவர்களில் நிமோனியா 3.28 சதவீதம், போகாதவர்களில் 3.76. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 0.30, 0.42. வித்தியாசம் உண்மைதான், ஆனால் சிறியது. 32-க்கும் 9-க்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது பாஸ்டனில் ஒரு மருத்துவமனை செய்தது, 2013-இல் வெளியானது. அவர்கள் பல்லை மட்டும் பிடிக்கவில்லை. மூச்சுப் பயிற்சி, இருமல், நாளைக்கு இரண்டு முறை பல் தேய்த்து வாய் கொப்பளிப்பது, நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளக்கிச் சொல்வது, நாளைக்கு மூன்று முறையாவது கட்டிலை விட்டு இறங்குவது, தலைப்பக்கத்தை உயர்த்துவது, ஆறையும் ஒரு கட்டாகச் சேர்த்தார்கள். நிமோனியா 2.6-லிருந்து 1.6 சதவீதம் ஆனது. இதில் பல்லின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டிய அவசியமும் வார்டில் இல்லை.

2023 டிசம்பரில் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசல் வந்தது: தினமும் பல் தேய்த்துவிட்டால் ஆஸ்பத்திரியில் வரும் நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. தெளிவான பலன் கிடைத்தது வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்குத்தான். நாளைக்கு இரண்டு முறை தேய்த்தாலே மூன்று, நான்கு முறைக்குச் சமம் என்பதும் அதில் தெரிந்தது. வேலைப் பளுவில் இருக்கும் சிஸ்டர்களுக்கு இதைச் சொன்னபோது வந்த பெருமூச்சை இப்போதும் கேட்கிறேன்.

அந்த நீல பாட்டில்

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு கூடியபோது முதலில் வந்த யோசனை, எல்லாருக்கும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய்க்கழுவியைக் கொடுத்துவிடலாம் என்பது. மருந்துச் சீட்டில் ஒரு வரி எழுதினால் போதும், யாரும் யார் வாய்க்குள்ளும் கை விட வேண்டாம். அதனால்தான் அந்த யோசனை எல்லாருக்கும் பிடித்தது என்று நினைக்கிறேன்.

அதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1996-இல் இதய அறுவைக்குப் போன 353 பேரிடம் 0.12 சதவீத குளோர்ஹெக்சிடினைச் சோதித்தார்கள், சுவாசத் தொற்று 69 சதவீதம் குறைந்தது. அதைப் பார்த்து உலகம் முழுக்க வென்டிலேட்டர் கட்டில்களின் பக்கத்திலெல்லாம் பாட்டில் வந்துவிட்டது. 2014-இல் கிளோம்பாஸ் குழுவினர் 16 ஆய்வுகளை மறுபடி அலசினார்கள். இதய அறுவை நோயாளிகளுக்குப் பலன் நின்றது. மற்றவர்களிடம், யாருக்கு எது கொடுத்தார்கள் என்று மறைத்துச் செய்த நல்ல ஆய்வுகளில், பலன் தெரியவில்லை. உயிரிழப்பு சற்றுக் கூடுகிறதோ என்ற சந்தேகமும் எழுந்தது. அந்தச் சந்தேகம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. 2022-இல் அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கங்களின் வழிகாட்டுதல், வென்டிலேட்டர் நோயாளிகளுக்குப் பல் தேய்ப்பது கட்டாயம், குளோர்ஹெக்சிடின் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

எனக்கு இதில் பெரிய வியப்பு இல்லை. பற்படலம் வெறும் அழுக்கு இல்லை. பாக்டீரியாக்கள் தாங்களே சுரந்த பசைக்குள் கூடு கட்டி வாழும் குடியிருப்பு. மேலே ஊற்றுகிற திரவம் மேல்தட்டை மட்டும் நனைக்கும். பாசி பிடித்த தொட்டியில் மருந்து ஊற்றினால் தண்ணீர் தெளியும், சுவர் வழுக்கும். சுரண்டத்தான் வேண்டும். ஆகவே பாட்டிலை இதய அறுவைப் பிரிவோடு நிறுத்திக்கொண்டோம். அங்கேயும் பல் தேய்த்து அரை மணி நேரம் கழித்துத்தான் கொடுக்கிறோம்; பற்பசையில் இருக்கும் நுரைப் பொருள் அதன் வேலையைக் கெடுத்துவிடும்.

அலமாரியில் இருந்த எலுமிச்சை கிளிசரின் குச்சிகளையும் அன்றே அப்புறப்படுத்தினோம். முதலில் ஈரமாக்குவது போலிருந்து, அப்புறம் வாயை இன்னும் உலர்த்தும். அமிலம் எனாமலை அரிக்கும். நுனியில் பஞ்சு வைத்த குச்சி உதட்டை நனைக்கலாம், படலத்தை எடுக்காது. பஞ்சு கழன்று தொண்டைக்குள் போன சம்பவங்களும் உலகில் உண்டு.

ஏழு நிமிடம்

அந்த வெள்ளிக்கிழமை மூத்த சிஸ்டர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கும் நான் அதை முழுசாகப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. கட்டிலின் தலைப்பக்கத்தை நாற்பத்தைந்து டிகிரிக்கு உயர்த்தினார். முதலில் உதட்டில் கொஞ்சம் ஈரம். இல்லாவிட்டால் திறக்கும்போது கிழிந்துவிடும். பொருக்கின் மேல் ஈரத் துணியை இரண்டு நிமிடம் வைத்து ஊற விட்டார். குழந்தைகளுக்கான சின்னத் தலை மென்பிரஷ், பட்டாணியில் பாதி அளவு பேஸ்ட். இடது கையில் உறிஞ்சு குழாய், வலது கையில் பிரஷ். கடைவாயிலிருந்து தொடங்கி, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக. பல்லைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்கிறவர்களைப் பார்த்தே பழகிய எனக்கு, அது எழுதிப் பழகும் கை மாதிரி இருந்தது. ஆடுகிற பல்லை விரலால் பிடித்துக்கொண்டு தேய்த்தார். ஈறில் ரத்தம் கசிந்தது. "கசியட்டும், தேய்க்காம விட்டா நாளைக்கு இன்னும் கசியும்" என்றார். கடைசியில் நாக்கு, பின்னாலிருந்து முன்னால், குமட்டல் வராத தூரம் வரை. நுரை முழுவதையும் உறிஞ்சி எடுத்தார். மிச்சம் விட்டால் அதுவே காய்ந்து வாயை உலர்த்தும். ஏழு நிமிடம். உறிஞ்சு பாட்டிலின் அடியில் பழுப்பாக, துணுக்குத் துணுக்காக ஏதோ மிதந்தது.

பல் செட்டை சோப்புப் போட்டுத் தனி பிரஷ்ஷால் தேய்த்து, மூடி போட்ட டப்பாவில் தண்ணீர் ஊற்றி வைத்தார். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் பூஞ்சை உட்காரும். "ராத்திரி மாட்டிக்கிட்டுத் தூங்கக் கூடாது ஐயா" என்று அவரிடமும், மறக்காமல் அவர் மனைவியிடமும் சொன்னார். தூங்கும்போது செட் மாட்டியிருக்கும் முதியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் என்று 85 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஒரு ஜப்பானிய ஆய்வு சொன்னது எனக்குப் பிறகுதான் தெரியும். சிஸ்டருக்கு ஆய்வு தெரியாது, விஷயம் தெரிந்திருந்தது.

மாற்றியதும் மாறாததும்

என் சீட்டில் மல்லம்பட்டிக்குக் கீழே இப்போது ஒரு வரி கூடுதல்: படலம், காரை, ஈறு, ஆடும் பல், செட். பெரிய வயிற்று அறுவை, மார்பு அறுவை, இதய அறுவை என்றால் நாள் குறித்த அன்றைக்கே பல் மருத்துவருக்கும் சீட்டுப் போகிறது. பிடுங்க வேண்டியதை ஒன்றிரண்டு வாரம் முன்பே பிடுங்கிவிட வேண்டும். அறுவைக்கு முந்தைய நாள் பல்லைச் சுரண்டி ரத்தத்தில் கிருமியை ஏற்றிவிட்டு வருவதில் யாருக்கும் லாபமில்லை. அவசர அறுவைக்கு இதெல்லாம் நடக்காது, அங்கே கையிலிருக்கும் பிரஷ்தான் எல்லாம்.

சேரும் நாளில் நோயாளிக்குச் சொல்வதையும் மாற்றினோம். முன்பு ஒரு வாக்கியம் இருந்தது, இப்போது இரண்டு. அறுவை நாள் காலையிலும் பல் தேய்க்க வேண்டும், கொப்பளித்துத் துப்ப வேண்டும். கண் விழித்த அன்று மாலையே, மூக்கில் டியூப் இருந்தாலும், மறுபடி தொடங்க வேண்டும். உட்கார முடிந்தவர் தானே தேய்த்துக்கொள்வார். முடியாதவருக்கு வீட்டார் தேய்த்துவிடலாம், சிஸ்டர் ஒரு முறை காட்டிக் கொடுப்பார். விழுங்கத் தெரியாதவர், மயக்கத்தில் இருப்பவர் என்றால் உறிஞ்சு குழாய் இல்லாமல் யாரும் தொடக் கூடாது. அங்கே நல்லது செய்யப் போய் நாமே தண்ணீரை நுரையீரலுக்குள் இறக்கிவிடுவோம்.

பலகைக்குத்தான் ரொம்ப நேரம் விவாதம் நடந்தது. வாசகம் நீளமாகக் கூடாது, தூரத்திலிருந்து தெரிய வேண்டும். நான் மூன்று வரி எழுதிக் கொண்டுபோனேன். மூத்த சிஸ்டர் இரண்டை அடித்துவிட்டு எழுதியது: "விழுங்கக் கூடாது. பல் தேய்க்க வேண்டும்."

குறிப்புத் தாளில் இரண்டு கட்டங்கள் போட்டோம், காலை 6, இரவு 10. காலைக் கட்டம் கிட்டத்தட்ட எப்போதும் நிரம்பியிருக்கிறது. இரவுக் கட்டத்தில் முதல் மாதம் பாதிக்கு மேல் "நோயாளி உறங்குகிறார்" என்று எழுதியிருந்தது. பொய்யும் இல்லை, வலியோடு இருப்பவரைப் பத்து மணிக்கு எழுப்பிப் பல் தேய் என்று யார் சொல்வார்கள்? போன வாரம் இரவுப் பணி சிஸ்டர் ஒருவர் என்னைக் கேட்காமலே அந்த 10-ஐ அடித்து 8 என்று மாற்றியிருந்தார், ராத்திரி ஊசி போடும் சுற்றோடு சேர்த்து.